மாரியில வார்த்த தாச்சியும் ஊசி ஓட்டையும்

பட்டறைக்காரன்: "பழைய அலுமினியச் சாமான் உருக்கி வார்த்த தாச்சி, அதுதான் பொரிக்கிற சட்டி, எல்லாம் ஊசி ஓட்டைதான், தகடு உருட்டுற ஆலை வந்தால்தான் வன்னிக்கு விடிவு" எண்டு நேற்று இஞ்ச ஒருத்தர் எழுதினார். வாசிக்க ஆத்திரம்தான் வந்தது. ஓட்டை பழைய சாமானால வாறேல்லை, ஈரத்தால வருது. மாரியில அச்சு மண் லேசில காயாது. அந்த ஈரத்தில இருந்து பிரியிற ஹைட்ரஜனை உருகின அலுமினியம் குடிச்சுப்போடும். இறுகேக்க அதில இருபதில ஒரு பங்குதான் உள்ளுக்குக் கரைஞ்சு நிக்கும். மிச்சம் வெளிய வர வழியில்லாமல் குமிழாகும். அதுதான் ஓட்டை.

வவுனியாக்காரன்: எழுதினது நான்தான். இப்பவும் சொல்லுறன், பழைய சாமான். இஞ்சின் கவரில சிலிக்கன், சோடாப் பேணியில மக்னீசியம், மேல பெயின்ற். எல்லாம் ஒரே பானைக்குள்ள.

பட்டறைக்காரன்: அந்த இஞ்சின் கவரே வார்த்ததுதான் ஐசே! சிலிக்கன் இருந்தால்தான் அச்சுக்குள்ள நல்லா ஓடும். ஓட்டை ஈரத்தால.

நோர்வே தம்பி: நான் வேலை செய்யிற ஆலையில உருகினதுக்குள்ள ஆர்கன் வாயு விட்டு ஹைட்ரஜனை எடுத்துப்போட்டுத்தான் வார்க்கிறது. பிறகு பாளத்தின்ர மேல்தோலைச் சீவி, 500 பாகைக்குக் கிட்டச் சூடாக்கி உருட்டுவம்.

வவுனியாக்காரன்: பாத்தியளோ! உருட்டினால் ஓட்டை நசிஞ்சு மூடிப்போம்.

பட்டறைக்காரன்: மூடாது! வாயு உள்ளுக்கு நசிஞ்சு கிடந்து, தகட்டைத் திரும்பச் சூடாக்கேக்க கொப்புளமா எழும்பும். தம்பியிட்டையே கேளும். ஆலைக்கும் ஈரம்தான் எதிரி.

நோர்வே தம்பி: கொப்புளம் வாறது உண்மை. ஆனா அண்ணை, 660 பாகையில உருகிற சாமானைக் கண்ணால பாத்துச் சூடு சொல்லேலாது. பகல் வெளிச்சத்தில சிவப்பே தெரியாது. சூடு மிஞ்சினால் ஹைட்ரஜன் இன்னும் கூடக் கரையும்.

பட்டறைக்காரன்: மீற்றரைப் பாத்துப் பட்டன் அமத்திற ஆக்கள் எங்களுக்கு வார்ப்புப் படிப்பிக்க வேண்டாம். குளோரினும் கோஸ்ரிக் சோடாவும் செய்த தொழிற்சாலை இருந்த பரந்தன் இது. குளோரின் விட்டு ஹைட்ரஜனை எடுக்கிறதும் பழைய முறைதான்.

மல்லாவி அக்கா: அந்தத் தொழிற்சாலை சண்டையோட நிண்டுபோச்சு, அதில இப்ப என்ன பெருமை? போன மாரிக்குள்ள ஒரு பட்டறையில வாங்கின தாச்சி அடியால ஒழுகி, எண்ணெய் அடுப்பில பத்தினது. ஈரமோ பழைய சாமானோ, என்ர காசுக்கு ஆர் பதில்?

பட்டறைக்காரன்: எந்தப் பட்டறை எண்டு தெரியாமல் என்னில போடாதேங்கோ. நான் அச்சை அடுப்போரம் வைச்சுக் காய்ச்சித்தான் ஊத்திறன். கரண்டியையும் சுடவைச்சுத்தான் இறக்கிறது. ஈரக் கரண்டி பட்டால் நீராவி வெடிச்சு உலோகம் முகத்தில அடிக்கும்.

வவுனியாக்காரன்: பழைய சாமான்.

பட்டறைக்காரன்: ஈரம்! ஒரே பழைய சாமானை உருக்கி, காய்ஞ்ச அச்சில ஒண்டு, ஈர அச்சில ஒண்டு வார்த்து, அறுத்துப் படம் போடுறன்.

வவுனியாக்காரன்: உங்கட பட்டறையில நீங்களே எடுத்த படத்தை ஆர் நம்புறது?