சோலைக்காட்டு லைக்கன்கள்: எப்படிச் சேகரிப்பது, எப்படி அடையாளம் காண்பது?

கொடைப்பாதை:
வணக்கம். முதுகலை தாவரவியல் படிக்கிறேன். கொடைக்கானலில் பாம்பார் சோலை ஓரமாக நடந்தபோது மரப்பட்டை முழுக்க லைக்கன் (பூஞ்சையும் பாசியும் ஒன்றாக வாழும் உயிரி). சில தாடியாகத் தொங்கின, சில சாம்பல் நிறத்தில் படர்ந்திருந்தன. படத்தைச் செயலியில் போட்டால் ஒரே லைக்கனுக்கு ஒவ்வொரு முறையும் வேறு பெயர் வருகிறது. அம்மா பார்த்துவிட்டு "இது நம்ம கல்பாசிதானே" என்கிறார். எப்படி உறுதி செய்வது? சேகரிக்க பிளாஸ்டிக் கவர் போதுமா?

கருமந்தி:
அம்மா சொல்வது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். மடல் அகலமாக, அடிப்பக்கம் கருப்பாக, விளிம்பை ஒட்டி மட்டும் வேரிழை இல்லாமல் வழவழவென்று இருந்தால் அது பார்மோட்ரீமா. கடையில் கல்பாசி என்று விற்பதில் பெரும்பகுதி இந்தப் பேரினம்தான். ஆனால் அதில் எந்த இனம் என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அடிப்பக்கத்தையும் உட்பகுதியையும் பார்த்தே ஆகவேண்டும்.

அதனால் ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். சோலைக்குள் லென்ஸோடு மட்டும் போங்கள். கையைப் பழக்க மளிகைக் கடைக் கல்பாசியே போதும். காய்ந்து வருடங்கள் ஆனாலும் அதன் வேதிப்பொருள்கள் அப்படியே இருக்கும்.

மேற்பரப்பில் பொடியாக உதிர்ந்தால் சொரீடியா, நுண்ணிய குச்சிகளாக நின்றால் ஐசிடியா. பிறகு பிளேடால் மேல்தோலை லேசாகச் சுரண்டுங்கள், வெள்ளையாக உள்ளடுக்கு தெரியும். அதில் ஒரு சொட்டு ப்ளீச். உடனே சிவந்தால், ஐசிடியாவும் இருந்தால், பார்மோட்ரீமா டிங்க்டோரம் என்று நம்பலாம். மேலே வலைப்பின்னலாக வெள்ளைக் கீறல்கள் உள்ள பார்மோட்ரீமா ரெட்டிகுலேட்டம் ப்ளீச்சுக்கு நிறம் மாறாது. அதற்கு 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வையுங்கள்: முதலில் மஞ்சள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு. பின்லாந்து தாவரவியலாளர் நைலாண்டர் 1866இல் கண்டுபிடித்த சோதனைகள் இவை, இன்றும் முதலில் செய்வது இவற்றைத்தான். ஹைட்ராக்சைடு தோலை அரிக்கும், கையுறை போடுங்கள்.

தாடியாகத் தொங்குவதற்குச் சோதனை மருந்தே வேண்டாம். கீழே விழுந்த குச்சியில் ஓர் இழையை ஈரமாக்கி, இரு முனையையும் பிடித்து மெதுவாக இழுங்கள். மேல்தோல் விட்டுப் பிரியும், நடுவில் வெள்ளை நரம்பு ஒன்று அறாமல் நீளும். அது அஸ்னியா. அதுபோலவே தொங்கும் ராமலினா என்ற லைக்கனில் அந்த நரம்பு கிடையாது.

உண்மையில் நீங்கள் தேட வேண்டியது முதிய மரங்களின் பாசி மூடிய அடிமரத்தை. லோபேரியா, ஸ்டிக்டா, லெப்டோஜியம் என்ற லைக்கன்கள் எல்லாம் அங்கேதான். ஸ்டிக்டாவின் அடியில் விளிம்பு கட்டிய குட்டிக் குழிகள் தெரியும். லெப்டோஜியம் மழை பட்டதும் வழுவழுவென்று ஊதிவிடும். இவை நீலப்பச்சைப் பாசியோடு வாழ்ந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக் காட்டுக்குத் தருபவை. பக்கத்திலேயே இருக்கும் யூகலிப்டஸ் தோட்டத்தில் இவற்றைத் தேடிப் பயனில்லை, அந்த மரம் பட்டையை உரித்துக்கொண்டே இருக்கும். பழைய சோலையை வெட்டிவிட்டு வேறு மரம் நட்டால் என்ன போகிறது என்று கேட்பவர்களுக்கு இந்த அடிமரங்களைக் காட்ட வேண்டும்.

சேகரிக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் கல்லூரி வழியாக வனத்துறையில் எழுத்துப்பூர்வ அனுமதி. காப்புக்காட்டில் விழுந்த குச்சிக்கும் அது வேண்டும். பிளாஸ்டிக் கூடவே கூடாது, பூஞ்சணம் பிடித்துவிடும். காகித உறை, நிழலில் உலர்த்தல். எந்த மரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், கடல்மட்ட உயரம், தேதி இவற்றை அங்கேயே எழுதிவிடுங்கள். இலை வடிவ லைக்கன் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும், ஆகவே கட்டைவிரல் அளவுக்கு மேல் எடுக்காதீர்கள். ஒன்றே ஒன்று இருந்தால் தொடவே வேண்டாம்.

மசாலாப்பெட்டி:
காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். இதைப் படித்ததும் வீட்டுக் கல்பாசிப் பாக்கெட்டைத் தட்டில் கொட்டிப் பார்த்தேன். ஒரே பாக்கெட்டில் பல வகை! குறுகலாக, ஓரம் சுருண்டு, கரிய மயிரோடு ஒன்று இருக்கிறதே, அது என்ன?

கருமந்தி:
எவர்னியாஸ்ட்ரம். இப்போது ஹைப்போட்ரக்கைனாவில் சேர்த்துவிட்டார்கள். அதுவும் மசாலாவுக்குப் போவதுதான், பயப்பட வேண்டாம். மருந்து பட்ட துண்டை மட்டும் குழம்பில் போட்டுவிடாதீர்கள்.

கொடைப்பாதை:
நன்றி சார். கடைக் கல்பாசியில் ப்ளீச் வைத்தேன், எதுவுமே சிவக்கவில்லை. டிங்க்டோரமே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கருமந்தி:
அவசரப்படாதீர்கள். திறந்து நாளான ப்ளீச் வீரியம் இழந்திருக்கும். புதுப் பாட்டில் வாங்கி, ஐசிடியா உள்ள துண்டாகப் பார்த்து மறுபடி வையுங்கள். அது சிவந்தால் அந்தத் துண்டைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். இனி ஒவ்வொரு முறையும் முதலில் அதில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே மற்றதைத் தொடலாம்.