பாம்பேய் அழிந்தது ஆகஸ்டிலா, அக்டோபரிலா? ரோம வரலாற்றின் புதிய சான்றுகளும் புதிய நூல்களும்

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ரோமப் பேரரசின் வரலாற்றைத் தொடர்ந்து படித்துவரும் வாசகன் நான். பாம்பேய் நகரத்தின் அழிவை இளைய பிளினி, வரலாற்றாசிரியர் டாசிட்டசுக்கு எழுதிய இரண்டு கடிதங்களின் வழியாகவே முதலில் அறிந்தேன். வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது 17 வயது இளைஞராக மிசேனம் துறைமுகத்தில் இருந்த பிளினி, அந்த நிகழ்ச்சியைப் பல ஆண்டுகள் கழித்து எழுதினார். அக்கடிதங்களுள் ஒன்றின் முதன்மையான கையெழுத்துப் பிரதிகளில் காணப்படும் நாள் ஆகஸ்டு 24; ஆண்டு கி.பி. 79. பழைய நூல்கள் ஐயமின்றித் தருவதும் இந்த நாளைத்தான்.

ஆனால் 2018இல், பாம்பேயின் ஐந்தாம் பகுதியில், எரிமலை வெடித்த காலத்தில் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்த ஒரு வீட்டின் சுவரில் கரியால் எழுதப்பட்ட வரி ஒன்று வெளிப்பட்டது. அதில் உள்ள நாள் நம் கணக்கில் அக்டோபர் 17. எனவே நகரம் அழிந்தது அக்டோபர் 24ஆக இருக்க வேண்டும் என்று அப்போது பரவலாக அறிவிக்கப்பட்டது. அதன் பின்னர் வந்த நூல்கள் சிலவற்றில் ஆகஸ்டும் சிலவற்றில் அக்டோபரும் காணப்படுகின்றன. எதை ஏற்றுக்கொள்வது? இத்தனை விரைவில் கண்டுபிடிப்புகள் வந்துகொண்டிருக்கும்போது, எந்த நூலை நம்பிப் படிப்பது என்பதை எப்படி முடிவு செய்கிறீர்கள்? விரிவாக எழுதினால் மகிழ்வேன்.

பதில் 1

இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் 2018இல் செய்தித்தாள்கள் எழுதிய அளவுக்கு அது அக்டோபரின் பக்கம் சாய்ந்துவிடவும் இல்லை. ஒவ்வொரு சான்றையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் இது விளங்கும்.

கரியால் எழுதப்பட்ட வரியில் மாதமும் நாளும் உள்ளன, ஆண்டு இல்லை. கரி எழுத்து விரைவில் அழிந்துவிடும், ஆகவே அது வெடிப்பு நிகழ்ந்த அதே ஆண்டில்தான் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே அக்டோபர் வாதத்தின் அடித்தளம். இந்த ஊகத்தைச் சோதிப்பதற்காகப் பாம்பேய் தொல்லியல் பூங்காவின் ஆய்வாளர்களே சுவரில் கரியால் எழுதி வைத்துப் பார்த்தார்கள். பல மாதங்கள் கழித்தும் எழுத்தைப் படிக்க முடிந்தது. அப்படியானால் அந்த வரி கி.பி. 78ஆம் ஆண்டு அக்டோபரில் எழுதப்பட்டிருக்கவும் கூடும்.

நாணயச் சான்றின் கதை இன்னும் கற்பிக்கத்தக்கது. பொன்வளையல் வீடு என்று அழைக்கப்படும் இல்லத்தில் 1974இல் கிடைத்த நாணயங்களில் பேரரசர் டைட்டசின் வெள்ளி தெனாரியஸ் ஒன்று இருந்தது. படையினர் அவரைப் பதினைந்தாம் முறையாக வெற்றித் தலைவராக வாழ்த்தியதை அந்நாணயம் குறிப்பதாக முதலில் படித்தார்கள். அந்தப் பதினைந்தாம் வாழ்த்து கி.பி. 79 செப்டம்பர் தொடக்கத்திற்குப் பிறகே நிகழ்ந்தது என்பது வேறு ஆவணங்களால் தெரியும் என்பதால், ஆகஸ்டு தேதியை இந்த ஒரு நாணயமே வீழ்த்திவிட்டதாகப் பலர் எழுதினார்கள். 2013இல் வெளியான மறு ஆய்வு, தேய்ந்துபோன அந்த எண் பதினைந்து அன்று, பதினான்கு என்று காட்டியது. அத்தோடு அந்தச் சான்றின் வலிமை போயிற்று. ஆயினும் அதைத் திருத்தாமல் மேற்கோள் காட்டும் எழுத்துகள் இன்றும் வருகின்றன.

மாதுளை, உலர்ந்த அத்திப்பழம், மூடி முத்திரையிடப்பட்ட மதுச் சாடிகள், கணப்புச் சட்டிகள் முதலியவை இலையுதிர்காலத்தைச் சுட்டுகின்றன என்பது உண்மைதான். ஆனால் பழங்களைச் சேமித்து வைக்கலாம். கணப்புச் சட்டியில் சமைக்கவும் செய்யலாம். மறுபுறம், பெடார் ஃபாஸ் 2022இல் வெளியிட்ட ஆய்வு நூல், பிளினியின் இந்தக் கடிதங்கள் எந்தெந்தப் பிரதிகளின் வழியாக நம்மை வந்தடைந்தன என்பதை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து சென்று, ஆகஸ்டு 24 என்ற வாசிப்பே உறுதியானது என்ற முடிவுக்கு வருகிறது. என் மதிப்பீட்டில், இலையுதிர்காலத்தைச் சுட்டும் சான்றுகள் பல இருந்தாலும், பிளினியின் தேதியைத் தனியாக நின்று மறுக்கும் சான்று ஒன்றுகூட இதுவரை இல்லை.

நூல் தேர்வு குறித்த தங்கள் கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது என்று கருதுகிறேன். முடிவை மட்டும் சொல்லும் நூலைவிட, அந்த முடிவு எந்தச் சுவரில், எந்த நாணயத்தில், எந்தப் பிரதியில் ஊன்றி நிற்கிறது என்று காட்டும் நூலையே நான் வாங்குகிறேன். அது பத்து ஆண்டுகள் பழையதானாலும் பயன்படும்.

பதில் 2

முந்தைய பதிலில் குறிப்பிடப்பட்ட அதே பொன்வளையல் வீட்டிலிருந்து நானும் தொடங்குகிறேன். அங்கே பெரியவர் இருவரும் குழந்தைகள் இருவரும் இறந்து கிடந்தார்கள். குழந்தையைத் தாங்கியிருந்தவரின் கையில் கனமான பொன்வளையல் இருந்ததால், அவரைத் தாய் என்றும், நால்வரையும் ஒரு குடும்பம் என்றும் பல பத்தாண்டுகளாக எழுதிவந்தார்கள். அந்தக் காட்சியை நானும் எத்தனையோ நூல்களில் படித்து உருகியிருக்கிறேன்.

பாம்பேயின் உடல்கள் நமக்குக் கிடைத்த முறையை அறிந்தால்தான் அடுத்து நடந்தது புரியும். சாம்பல் இறுகிய பின் உடல் சிதைந்து, அதன் வடிவத்தில் ஒரு வெற்றிடம் எஞ்சும். 1863இல் ஜுசெப்பே ஃபியொரெல்லி அந்த வெற்றிடங்களுக்குள் பிளாஸ்டரை ஊற்றி உருவங்களை எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். எலும்புகள் அந்தப் பிளாஸ்டருக்குள்ளேயே தங்கிவிட்டன. பிற்காலத்தில் மறுசீரமைப்பு நடந்தபோது, அந்த எலும்புத் துணுக்குகளிலிருந்து மரபணுவை எடுத்து ஆய்ந்த குழு 2024 நவம்பரில் முடிவுகளை வெளியிட்டது. வளையல் அணிந்தவர் ஆண். அவருக்கும் குழந்தைக்கும் இரத்த உறவு இல்லை. நால்வரில் எவரும் மற்றவருக்கு உறவினர் அல்லர். தழுவிய நிலையில் இறந்த வேறு இருவரைச் சகோதரிகள் என்று சொல்லிவந்தார்கள். அவர்களிலும் ஒருவர் ஆண் என்று தெரிந்தது.

இந்தக் கண்டுபிடிப்பை வெறும் திருத்தமாக நான் பார்க்கவில்லை. உறவில்லாத நால்வர் ஏன் ஒரே இடத்தில் ஒடுங்கினார்கள்? அவர்கள் அந்த வீட்டின் அடிமைகளா, தெருவிலிருந்து ஓடிவந்தவர்களா? பொன்வளையல் யாருடையது? குடும்பக் கதை இருந்தவரை இந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லாமல் இருந்தது. ஆய்வுக்கு உட்பட்டவர்களின் மூதாதையரில் பெரும்பங்கினர் கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்தவர்கள் என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. தெற்கு இத்தாலியின் நடுத்தர நகரம் ஒன்றில்கூட மக்கள் எவ்வளவு தொலைவிலிருந்து வந்து கலந்திருந்தார்கள் என்பதை இது காட்டுகிறது.

அடிமைகளைப் பற்றிய சான்றுகளையும் கவனித்துப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பாம்பேய்க்கு வெளியே சிவிதா ஜூலியானா என்னும் இடத்திலுள்ள மாளிகையில் 2021இல் ஒரு சிறிய அறை வெளிப்பட்டது. 16 சதுர மீட்டர் பரப்பில் மூன்று கட்டில்கள்; அவற்றுள் ஒன்று சிறுவர் படுக்கும் அளவு. கூடவே சாடிகளும் வண்டியின் உறுப்புகளும் அங்கேயே வைக்கப்பட்டிருந்தன. 2023 டிசம்பரில், பாம்பேயின் ஒன்பதாம் பகுதியில் தோண்டியபோது கிடைத்த ஒரு ரொட்டிச்சாலை அறிவிக்கப்பட்டது. வெளியே செல்ல வழியில்லாத சிறிய அறை, இரும்புக் கம்பியிட்ட குறுகிய சாளரங்கள், கழுதைகள் ஒன்றையொன்று இடிக்காமல் சுற்றிவரத் தரையில் செதுக்கிய தடங்கள் ஆகியவை அங்கே இருந்தன. அடிமைகளும் விலங்குகளும் அங்கே அடைபட்டுத் திரிகையைச் சுற்றினார்கள் என்று அகழாய்வாளர்கள் கருதுகிறார்கள். செனட் சபையின் சொற்பொழிவுகளை மட்டும் படித்து ரோமை அறிந்தவர்களுக்கு இந்த அறைகள் மிகவும் தேவை.

பதில் 3

எழுத்துச் சான்றுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாம்பேயோடு அழிந்த ஹெர்குலேனியம் நகரின் மாளிகை ஒன்றில் 18ஆம் நூற்றாண்டில் கிடைத்த கருகிய பாப்பிரஸ் சுருள்களைப் பிரித்தால் அவை நொறுங்கிவிடும். இப்போது சுருளைப் பிரிக்காமலே எக்ஸ்கதிர்களால் படமெடுத்து, கணினியின் உதவியோடு உள்ளிருக்கும் மையைத் தேடுகிறார்கள். 2023இல் அறிவிக்கப்பட்ட வெசூவியஸ் போட்டியில் முதலில் படிக்கப்பட்ட சொல் ஊதா நிறத்தைக் குறிப்பது. 2024 பிப்ரவரியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளை வாசித்துக் காட்டிய மூன்று மாணவர்களுக்கு 7,00,000 டாலர் பரிசு வழங்கப்பட்டது. இன்பத்தைப் பற்றிப் பேசும் அந்தப் பகுதி எபிகியூரிய மெய்யியலாளர் ஃபிலோடெமசின் எழுத்தாக இருக்கலாம் என்கிறார்கள். திறக்கப்படாத சுருள்கள் இன்னும் நூற்றுக்கணக்கில் உள்ளன. இந்தத் துறையில் இன்று அச்சாகும் எந்த நூலும் சில ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட வேண்டியிருக்கும் என்பதை மனத்தில் கொண்டு படியுங்கள்.

பதில் 4

மேலே உள்ள பதில்கள் அனைத்தும் ஒரு நகரத்தையும் அதன் அண்டை நகரத்தையும் சுற்றியே நிற்கின்றன. பேரரசு முழுவதையும் பற்றிய பெரிய வாதங்களை முன்வைக்கும் நூல்களையும் விட்டுவிடலாகாது என்பது என் கருத்து.

வரலாற்றாசிரியர் கைல் ஹார்ப்பர் 2017இல் எழுதிய நூல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கி.பி. 165 அளவில் பரவிய அந்தோனைன் கொள்ளைநோய், மூன்றாம் நூற்றாண்டின் சிப்ரியன் கொள்ளைநோய், 541இல் தொடங்கிய ஜஸ்டினியன் கொள்ளைநோய் ஆகியவற்றையும் தட்பவெப்ப மாற்றங்களையும் ரோமின் வீழ்ச்சியோடு இணைத்து எழுதியவர் அவர். பனிப்பாறை, மர வளையம், மரபணு என இயற்கை அறிவியல் தரும் சான்றுகளை வரலாற்றின் நடுவில் கொண்டுவந்து நிறுத்திய நூல் அது. மறு ஆண்டே வரலாற்றாசிரியர் குழு ஒன்று, அவர் சான்றுகளைத் தேவைக்கு மேல் இழுத்துப் பொருள்கொள்கிறார் என்று விரிவான மறுப்பை எழுதியது. ஜஸ்டினியன் கொள்ளைநோயின் பாதிப்பு பெரிதாகச் சொல்லப்படுகிறது என்று 2019இல் மற்றொரு கட்டுரை வாதிட்டது. ஆனால் அந்நோய்க்குக் காரணமான கிருமியின் மரபணு, அக்காலத்தைச் சேர்ந்த ஜெர்மானியக் கல்லறைகளிலும் இங்கிலாந்தின் கல்லறை ஒன்றிலும் கிடைத்திருப்பதையும் மறுக்க இயலாது. நோய் அவ்வளவு தூரம் சென்றது உறுதி. எத்தனை பேரைக் கொன்றது என்பதில்தான் சண்டை.

கிரீன்லாந்தின் பனிக்கட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளியை உருக்கும்போது எழுந்த ஈயப்புகை காற்றில் சென்று அங்கே ஆண்டுதோறும் படிந்தது. 2018இல் வெளியான ஓர் ஆய்வு அந்தப் படிவுகளை அளந்து, ரோமின் அமைதிக் காலத்தில் ஈயம் உயர்ந்ததையும், உள்நாட்டுப் போர்களின்போதும் அந்தோனைன் கொள்ளைநோயின்போதும் அது வீழ்ந்ததையும் காட்டியது. ரோமின் பொருளாதாரத்தைப் பற்றி ரோமர் எவரும் எழுதி வைக்காத கணக்கு இது.

தொடக்க நூலாக ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், மேரி பியர்ட் 2015இல் வெளியிட்ட எஸ்.பி.கியூ.ஆர். நூலையே சொல்வேன். பேரரசின் சுதந்திர மக்கள் ஏறத்தாழ அனைவருக்கும் பேரரசர் கரகல்லா குடியுரிமை வழங்கிய கி.பி. 212இல் அவர் நூலை முடித்துக்கொள்வதால், வீழ்ச்சியைப் பற்றி வேறு நூல்களைத்தான் நாட வேண்டும். அதற்கு ஹார்ப்பரையும் அவருக்கு எழுந்த மறுப்பையும் அடுத்தடுத்துப் படியுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நாணயத்தின் மறுவாசிப்பையும் பொன்வளையல் வீட்டின் மரபணு ஆய்வையும் இப்போதுதான் அறிந்தேன். மேலும் ஒரு கேள்வி. பாம்பேயில் இந்தியத் தந்தச் சிலை ஒன்று கிடைத்ததாகப் படித்திருக்கிறேன். அது முசிறி வழியாகச் சென்றது என்று சொல்லலாமா? முசிறி வணிகத்தைப் பற்றி ரோமின் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட புதிய நூல் ஏதேனும் உண்டா?

பதில் 5

அந்தச் சிலை 1938இல் பாம்பேயின் ஒரு வீட்டில் கிடைத்தது. இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. முதலில் இலட்சுமி என்று அழைத்தார்கள். யட்சி என்பதே பொருத்தம் என்று பிற்கால ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அதை ஒத்த சிற்பங்கள் மகாராட்டிரத்தின் தேர், போகர்தன் ஆகிய இடங்களில் கிடைத்திருப்பதாலும், அதன் அடியில் வடமேற்கு இந்தியாவின் பண்டைய எழுத்தான கரோஷ்டி எழுத்து இருப்பதாலும், மேற்குக் கடற்கரையின் வடபகுதித் துறைமுகம் ஒன்றின் வழியாகச் சென்றிருக்கவே வாய்ப்பு அதிகம். முசிறியோடு அதை இணைக்கச் சான்று இல்லை. பெருமைக்காக இணைத்துப் பேசுவது முசிறிக்கும் நன்மை செய்யாது.

முசிறிக்குத் தனியே வலுவான சான்றுகள் உள்ளன. வெசூவியசின் புகையில் உயிர்நீத்த, இளைய பிளினியின் தாய்மாமனான மூத்த பிளினியே, முசிறித் துறையைப் பற்றியும் அதன் அருகே திரியும் கடற்கொள்ளையரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) இந்தியாவுக்குப் போகிறது என்று வருந்தியவரும் அவர்தான். வியன்னாவில் பாதுகாக்கப்படும் முசிறிப் பாப்பிரஸ் 1985இல் வெளியிடப்பட்டது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த ஆவணத்தின் ஒரு பக்கத்தில் முசிறிப் பயணத்துக்கான கடன் ஒப்பந்தம் குறிப்பிடப்படுகிறது; மறுபக்கத்தில் ஹெர்மாபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு உள்ளது. கங்கைச் சடாமாஞ்சில் (நறுமண வேர்), தந்தம் ஆகியவற்றோடு பதிவாகியிருக்கும் மொத்த மதிப்பு ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ். செனட் உறுப்பினராவதற்குத் தேவையான சொத்து 10 லட்சம் செஸ்டர்ஸ் என்பதோடு ஒப்பிட்டால், ஒரே கப்பலில் எத்தகைய செல்வம் மிதந்தது என்பது தெரியும். இறக்குமதிக்குக் காற்பங்கு வரி என்பதால் அரசுக்கும் இதில் பெரும் வருவாய். செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில், செராபிஸ் கோயிலை ஒட்டிய இடத்தில், இந்தியச் சாடி ஒன்றுக்குள் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடு ஒன்றும் அங்கே கிடைத்திருக்கிறது. பொன்னுக்குக் கறி (மிளகு) என்ற அகநானூற்றுக் கணக்கின் மறுபக்கத்தை இந்தச் சான்றுகளில் காணலாம்.

தாங்கள் கேட்ட நூல், ஃபெடரிகோ தெ ரொமானிஸ் 2020இல் வெளியிட்டது. பாப்பிரசின் வரிகளை மீண்டும் படித்து, கிழிந்துபோன பகுதியில் மிளகு எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்கிட்டு, மிளகு வணிகம் முழுவதையும் அதிலிருந்து விளக்க முயல்கிறார். எண்களும் அளவைகளும் நிறைந்த கடினமான நூல். அதற்கு முன், லயனல் காசன் 1989இல் பதிப்பித்த செங்கடல் பயண நூலை (பெரிபுளூஸ் என்ற பண்டைய கிரேக்க வணிகக் கையேட்டை) எடுத்துக்கொள்ளுங்கள். முசிறியைப் பற்றிப் பேசும் 53 முதல் 56 வரையிலான பத்திகளையும், கொற்கையையும், பலரும் அரிக்கமேடு என்று அடையாளம் காணும் பொதுகேயையும் குறிப்பிடும் 59, 60ஆம் பத்திகளையும் காசனின் உரையோடு படித்துவிட்டால், தெ ரொமானிசின் வாதத்தைப் பின்தொடர்வது எளிதாகும்.