விலையை மாற்றி ஒட்டும் கடையில் ஏன் தொடர்ந்து வாங்குகிறோம்?

மஸ்கெலியா டீச்சர்:
எங்கள் டவுன் கடை ஒன்றில் பால்மாப் பக்கெட்டில் அச்சடித்த விலைக்கு மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். நகத்தால் சுரண்டினால் பழைய விலை தெரிகிறது. கேட்டதற்கு, "வேணும்னா எடுங்க, இல்லேன்னா வச்சிட்டுப் போங்க" என்றார் முதலாளி. பின்னால் நின்றவர்கள் எல்லாவற்றையும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அதே பக்கெட்டை அதே விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி விலைக் குறியை மாற்றுவது குற்றம். நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்குப் போன் போட்டு முறையிடலாம். நாம் பேசாமல் வாங்குவதுதான் அவர்களுக்குத் தைரியம் கொடுக்கிறது. அந்தக் கடையை எல்லாரும் ஒரு மாதம் ஒதுக்கிப் பார்க்கட்டும்.

லயத்துப் பையன்:
டீச்சர், உங்களுக்கு மாதச் சம்பளம், கையில் காசு இருக்கிறது, அடுத்த கடைக்குப் போகலாம். எங்கள் தேயிலைத் தோட்ட டிவிஷனில் 10ஆம் திகதி சம்பளம் வரும் வரைக்கும் மாவும் பருப்பும் கடைக்காரரின் கடன் கொப்பியில் எழுதித்தான் வருகின்றன. அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வரும் வழியில் கடையில் நின்று, "எழுதிக்கோங்க தம்பி" என்கிறார். கடைக்காரர் போட்டதுதான் விலை. 2022இல் 400 கிராம் பால்மா 790 ரூபாய்க்கு ஏறியபோது எங்கள் நாள் சம்பளம் 1000 ரூபாய். அன்றைக்கு அந்தக் கடை கடன் தராமல் இருந்திருந்தால் தங்கச்சிக்கு வெறும் சாயத்தண்ணிதான். ஏமாற்றுகிறார் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் வாங்குகிறோம்.

பதுளைக்காரன்:
மக்கள் எதற்கும் அசைய மாட்டார்கள் என்பதையும் ஏற்க முடியாது. நியூசிலாந்துப் பால்மாவில் டிசிடி இரசாயனம் இருக்கிறது என்று 2013 ஆகஸ்டில் சுகாதார அமைச்சு சிலவற்றின் விற்பனையை நிறுத்தியபோது, எங்கள் வீட்டில் பால்மாவே வாங்கவில்லை. பக்கத்து வீட்டு மாட்டுப்பால்தான். 2021 மார்ச்சில் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அஃப்லடொக்சின் என்ற நச்சு இருக்கிறது என்று செய்தி வந்ததும் இப்படித்தான், எல்லாரும் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிள்ளையின் வயிற்றுக்குக் கெடுதி என்றால் உடனே விடுகிறோம். பையில் இருந்து இருபது ரூபாய் போனால் பொறுத்துக்கொள்கிறோம். கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் எடையிலும் விலையிலும் கை வைக்கிறார்கள்.

கடைக்காரர் மகள்:
எல்லாக் கடைகளையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். ஸ்டிக்கர் ஒட்டியது தப்பு, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் 2021 கடைசியில் பால்மாத் தட்டுப்பாடு வந்தபோது, வேறு சாமானும் எடுத்தால்தான் பால்மா என்று அப்பாவிடம் சொன்னவர் லொறியில் வந்த விநியோகஸ்தர். விற்காத பிஸ்கட்டும் சவர்க்காரமும் எங்கள் தட்டில் தேங்கின. சில கடைகள் அந்தச் சுமையை அப்படியே வாடிக்கையாளர் தலையில் கட்டின, அப்பா கட்டவில்லை. அப்புறம், கடன் கொப்பியில் வராமல் போன காசைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

மஸ்கெலியா டீச்சர்:
தங்கச்சி, உங்கள் அப்பா மாதிரிக் கடைக்காரர்களுக்காகவும்தான் இதைப் பேசுகிறேன். ஏமாற்றுபவருக்கும் நேர்மையானவருக்கும் ஒரே வியாபாரம் நடந்தால் நேர்மையாக இருந்து என்ன பயன்?

தம்பி சொன்ன கடன் விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணிகளின் காலத்தில் துண்டு என்ற கடன் சீட்டு இருந்தது. கடனை அடைக்காமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். இன்றைக்கு ஒரு கொப்பி நம் அம்மாக்களை ஒரே கடை வாசலில் கட்டிப்போட்டிருக்கிறது. கடன் கொடுத்த ஒரே காரணத்துக்காகக் கூடுதல் விலைக்கு உரிமை வந்துவிடாது. லயத்தில் பத்துக் குடும்பம் சேர்ந்து மாவும் சீனியும் மூட்டையாக ஹட்டனில் எடுத்தால் என்ன?

பதுளைக்காரன்:
நல்ல யோசனை, ஆனால் முதல் மூட்டைக்குக் காசு யார் போடுவது? அதில்தான் இந்த மாதிரி முயற்சிகள் படுத்துவிடுகின்றன.

லயத்துப் பையன்:
அதற்கும் முன்னால் பழைய பாக்கி இருக்கிறது. வேறு இடத்தில் சாமான் எடுக்கிறோம் என்று தெரிந்தால் மறுநாளே முழுப் பாக்கியையும் கேட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். அதனால் ஒதுக்குவோம் என்பதை என்னால் இப்போதும் ஏற்க முடியவில்லை டீச்சர். வாங்குகிறவர்கள் மேல் பழியைப் போடுவதையும்தான்.

ஒன்று செய்யலாம். கொப்பி கடையில்தான் இருக்கிறது, எந்தச் சாமானுக்கு என்ன விலை எழுதுகிறார்கள் என்று அம்மா பார்த்ததே இல்லை. கேட்டால் பில் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. இனிமேல் கடனுக்கு எடுத்தாலும் பில் கேட்கச் சொல்கிறேன், பக்கெட்டையும் பில்லையும் சேர்த்துப் போட்டோ எடுத்து வைக்கிறேன். 1977க்கு நீங்கள் பேசுங்கள். எங்கள் லயத்துப் பெயர் மட்டும் வெளியே வரக் கூடாது.

மஸ்கெலியா டீச்சர்:
சரி தம்பி. போட்டோவை எனக்குத் தனியாக அனுப்புங்கள், என் பெயரிலேயே முறைப்பாடு கொடுக்கிறேன்.