தாலி ஆடா?

ஞாயிறு, மாலை 5:10

தம்பி (பினாங்கு): 📷 படம்
தம்பி: ரூமுக்கு எதிர்ல இருக்கிற பில்டிங். போர்டைப் படிங்க
அம்மா: பொம்பா... பாமா? டேய், உடனே ரூமைக் காலி பண்ணு
அத்தை: பாம்பா? மஞ்சத்தண்ணி தெளி
பெரியப்பா: ரெண்டு பேரும் சும்மா இருங்க. அது தீயணைப்பு நிலையம். 1511ல மலாக்காவைப் புடிச்ச போர்த்துகீசியன் பாஷை. அவனுக்கு பொம்பான்னா பம்பு
அம்மா: 🙏
நான்: வேலை எப்படிடா?
தம்பி: அத ஏன்க்கா கேக்குற. மொத நாள் கேன்டீன்ல டீ கேட்டேன். அந்தக்கா சிரிச்சுக்கிட்டே "சூசு?"ன்னாங்க
நான்: 😳
தம்பி: "இல்லக்கா, இப்பத்தான் போயிட்டு வந்தேன்"னு கையை ஆட்டிட்டேன். மலாய்ல சூசுன்னா பாலாம். மூணு நாள் பிளாக் டீதான்
அத்தை: மூணு நாளும் கேட்டாளா?
தம்பி: மூணு நாளும் கேட்டாங்க, மூணு நாளும் கையை ஆட்டினேன்
தம்பி: மத்தியானம் குழம்பை ஊத்திக்கிட்டே இருந்தாங்களேன்னு "போதும் போதும்"னேன். மொகம் மாறிடுச்சு. இங்க "போடோ"ன்னா முட்டாள்
அம்மா: பாவம் அந்தப் பொண்ணு. நாளைக்கு மன்னிப்புக் கேளு
தம்பி: வெளிய வந்தா எல்லா போர்டுலயும் "கெடாய்". ஊரே கிடா வெட்டுதான்னு எட்டிப் பாத்தா உள்ள சோப்பு, வாளி, பிஸ்கட்டு
பெரியப்பா: அது நம்ம கடைடா! கப்பல், கட்டில்கூட இங்கேருந்து போனதுதான்
தம்பி: நம்ம வார்த்தை மாதிரி கேட்டாத்தான் பெரியப்பா பயமா இருக்கு. நேத்து குடோன்ல சூப்பர்வைசர் ஓடி வந்து "தாலி ஆடா? தாலி ஆடா?"ன்னாரு
அம்மா: என்னது???
தம்பி: எனக்கு இன்னும் ஆகல, வீட்ல பொண்ணு பாக்குறாங்கன்னு இங்கிலீஷ்ல சொன்னேன். அவரு முழிச்சாரு. தாலின்னா கயிறு. ஆடான்னா இருக்கா. அடுக்கி வச்ச பெட்டி சரியுது, நான் ஜாதகம் சொல்லிக்கிட்டு நிக்குறேன்
நான்: 🤣🤣🤣
பெரியப்பா: 😂
அம்மா: அவர் கேட்டதுல என்ன தப்பு. ரெண்டு வருஷமா நானும் அதைத்தான் கேக்குறேன்
தம்பி: டோபி கெடாய் மூடிருவாங்க, துணி எடுக்கணும். வரேன்
அத்தை: மருமகனே, பெட்டி விழுந்துச்சா இல்லையா, அதச் சொல்லிட்டுப் போ
தம்பி: ரெண்டு விழுந்துச்சு அத்தை