வீட்டிலிருந்து அனுப்பிய கேலிப் படத்துக்குப் பள்ளி என்ன நடவடிக்கை எடுக்கலாம்?

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் பள்ளியின் 8ஆம் வகுப்பு மாணவர்கள் சிலர், விடுமுறை நாளில் வீட்டிலிருந்தபடியே வகுப்புத் தோழி ஒருத்தியின் படத்தைச் சிதைத்து, அவள் நிறத்தை இழித்துரைக்கும் சொற்களுடன் வாட்ஸ்அப் குழுவில் பரப்பியதால், அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கு வரவே அஞ்சுகிறாள்.

வளாகத்துக்கு வெளியே நடந்ததில் நாம் தலையிடலாமா என்று சக ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். காயம் வகுப்பறைக்குள் தொடர்வதால் தலையிட்டே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால், செய்தவர்களுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடலாம் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. 8ஆம் வகுப்புவரையிலான தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்வதோடு, அதன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்வதால், காலை வணக்கக் கூட்டத்தில் அவர்களை நிறுத்தி அவமானப்படுத்துவதும் தவறே. (ஆபாசப் படமாக இருந்திருந்தால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், இது அவ்வகையைச் சேர்ந்ததன்று.)

உங்கள் பள்ளியில் இதற்கென எழுதப்பட்ட நடத்தை விதிகள் இருந்தால் அன்புகூர்ந்து பகிருங்கள். குறிப்பாக, விசாரணையை யார் நடத்துகிறீர்கள், மாணவரின் கைப்பேசியைப் பெற்றோர் முன்னிலையில் மட்டும்தான் பார்க்கிறீர்களா, பாதிக்கப்பட்ட குழந்தை மீண்டும் அதே வகுப்பில் அச்சமின்றி அமர என்ன செய்தீர்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.