கல்லாயுதங்களின் தொன்மை: பெருமை பெர்த்துக்கா, பிரெஸ்ட்விச்சுக்கா?

அடுக்கியலான்:
பூஷே தெ பெர்த்தை ஏளனத்துக்கு ஆளான தீர்க்கதரிசியாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. பிரான்சின் அபெவில் நகரில் சுங்க அதிகாரியாக இருந்த அவர், சோம் ஆற்றுச் சரளைக் குழிகளில், அற்றுப்போன யானை, காண்டாமிருக எலும்புகள் கிடக்கும் அடுக்கிலேயே கல் கோடரிகளும் கிடக்கக் கண்டு, 1847இல் அச்சான நூலில் அறிவித்தார். ஆயினும் மனிதனின் தொன்மையை நிறுவியவர்கள், 1859இல் அங்கு சென்று பார்த்த ஆங்கிலேயர்களான புவியியல் ஆய்வாளர் ஜோசப் பிரெஸ்ட்விச்சும் தொல்பொருள் ஆய்வாளர் ஜான் எவான்ஸும்தான் என்பேன். விலங்குச் சிற்பங்கள் என்று பெர்த் நம்பிய இயற்கைக் கற்களும் அந்நூலில் மலிந்திருந்தன. நெல்லையும் பதரையும் ஒரே குவியலாகக் கொட்டியவரை அறிஞர்கள் ஐயுற்றதில் என்ன தவறு?

கல்தச்சன்:
நூலின் குறைதான் காரணம் என்றால், ஜான் ஃபிரியரை ஏன் மறந்தார்கள்? இங்கிலாந்தின் ஹாக்ஸ்னில் கிடைத்த கல்லாயுதங்களைப் பற்றி 1797இல் அவர் எழுதிய கடிதம், எந்த அடுக்கின் கீழ் எது கிடந்தது என்பதை அளந்து சொன்ன, அலங்காரமற்ற கடிதம். அது 1800இல் அச்சேறியும், அறுபது ஆண்டுகளுக்கு அருகில், எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பெர்த்தை மறுத்துவந்த அமியான் நகர மருத்துவர் ரிகொலோவோ, குழிகளைத் தாமே ஆராய்ந்தபின் 1854இல் மனம் மாறினார். பார்க்க விரும்பியவருக்குச் சான்று அங்கேயே இருந்தது.

அடுக்கியலான்:
பார்ப்பது வேறு, ஐயத்துக்கு இடமின்றி அகழ்வது வேறு. 1858இல் இங்கிலாந்தின் பிரிக்ஸம் குகையில் புவியியல் ஆய்வாளர் பெங்கெல்லி செய்ததைக் கவனியுங்கள். ஆங்காங்கே குழி தோண்டாமல், ஒவ்வோர் அடுக்கையும் குகையின் நீளவாட்டில் முழுமையாக அகற்றினார். உடையாத சுண்ணாம்புப் படிவத் தளத்துக்குக் கீழே மனிதக் கருவிகளும் அற்றுப்போன விலங்குகளின் எலும்புகளும் சேர்ந்து கிடைத்தன. பிற்காலத்தவர் புதைத்திருக்கலாம் என்ற வாதத்துக்கு அங்கு வழியே இல்லை. அந்தக் குகையை அறிந்த தொல்லுயிர் ஆய்வாளர் ஃபால்கனர், அதே ஆண்டு அபெவிலில் பெர்த்தின் சேகரிப்பைக் கண்டு, பிரெஸ்ட்விச்சை அங்கு போகத் தூண்டினார். பெர்த்தோ, தொழிலாளர்கள் கொண்டுவந்ததற்குக் காசு கொடுத்தார். 1863இல், அபெவிலின் முலாங் கிஞோங் குழியில் மனிதத் தாடை எலும்பு ஒன்றைச் செருகிவைத்துக் கண்டெடுத்ததாகக் காட்டிய மோசடி அதன் விளைவே.

கல்தச்சன்:
அந்தத் தாடையை முதலில் மெய்யென்று ஏற்ற ஆங்கில-பிரெஞ்சுக் குழுவில் உங்கள் பிரெஸ்ட்விச்சும் இருந்தார் என்பதை விட்டுவிட்டீர்கள். எவான்ஸ் அனுப்பிய கீப்பிங் என்ற புதைபடிவச் சேகரிப்பாளர் குழியிலேயே நின்று கவனித்த பிறகுதான், அங்கு கிடைத்த கல் கோடரிகளும் வேண்டுமென்றே செருகப்பட்டவை என்பது வெளிப்பட்டது. இன்னொன்று: அப்போது பிரெஸ்ட்விச் மது வணிகர், எவான்ஸ் காகித ஆலைக்காரர். ஆகவே இதைத் தொழில்முறை அறிஞருக்கும் ஆர்வலருக்குமான போட்டியாக வரைவது பொருந்தாது.

செம்புறை:
இருவரும் ஐரோப்பாவிலேயே நிற்கிறீர்கள். அதே 1863ஆம் ஆண்டு மே 30 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் இராபர்ட் புரூஸ் ஃபுட், சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் ஒரு கல் கோடரியை அடையாளம் கண்டார். செப்டம்பரில், வில்லியம் கிங்குடன், அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கிடைத்தன. சரளையில் கிடக்கும் கல்லைக் கருவியென்று ஐயமின்றி எடுக்கும் துணிவு, 1859க்குப் பின்னரே புவியியலாளருக்கு வந்தது. இந்த வகையில் நான் அடுக்கியலான் பக்கம்.

கல்தச்சன்:
பல்லாவரத்தில் ஃபுட் கையில் எடுத்த வடிவத்தை, பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே படமாக அச்சிட்டவர் பெர்த். பிரெஸ்ட்விச் தந்தது சான்றொப்பம், கண்டுபிடிப்பு அன்று.