மெனுவில் வரும் ஒரு பிரெஞ்சுச் சொல், எப்படி உச்சரிப்பது?

வணக்கம். வீடு வாழைச்சேனை. பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டு மண்டபத்தில் பயிற்சியில் இருக்கிறேன். அடுத்த கிழமை வாய்மொழிப் பரீட்சை. மெனுவை ஆங்கிலத்தில் வாசித்து விளக்க வேண்டும்.

புஃபே, கிரசான் எல்லாம் வாய்க்குப் பழகிவிட்டது. பிரதான சாப்பாட்டுக்கு முன் கொடுக்கும் சிற்றுண்டியின் பெயரில்தான் மாட்டிக்கொண்டேன். எழுத்துகள் இவை: எச், ஓ, ஆர், எஸ். அப்புறம் டி, மேலே ஒரு காற்புள்ளி, ஓ, ஈ, யூ, வி, ஆர், ஈ. பார்த்தபடி வாசித்தால் முதல் பாதியில் குதிரைதான் ஓடிவரும்!

அகராதி ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்தேன். எச், எஸ் இரண்டுக்கும் எங்கேயும் ஒலியே இல்லை, அது விளங்குகிறது. பிரித்தானிய உச்சரிப்பு 'ஓ டேவ்' போலக் கேட்கிறது, 'ர்' இல்லை. நடுவில் வருவது தமிழ் 'ஏ' அல்ல, பறவைக்கான ஆங்கிலச் சொல்லில் வரும் உயிர். அமெரிக்கர் 'ஓர் டேர்வ்' என்று 'ர்'ஐ 'வ்'வுக்கு முன்னால் வைக்கிறார்கள். பிரெஞ்சிலோ அது 'வ்'வுக்குப் பின்னால், தொண்டையிலிருந்து வருகிறது. போனில் குரல் தட்டச்சும் செய்து பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் வேறு ஏதோ எழுதுகிறது.

மேற்பார்வையாளர் அமெரிக்கர் மாதிரிச் சொல்கிறார். பயிற்றுநர் பிரெஞ்சுக்காரர் மாதிரியே சொல்லச் சொல்கிறார், அந்தத் தொண்டை 'ர்' எனக்கு வரவே மாட்டேன் என்கிறது.

ஹோட்டல் சேவையில் இருந்த அண்ணாமார், அக்காமார், ஆங்கிலத்தில் நடக்கும் பரீட்சையில் இந்த மூன்றில் எதைச் சொன்னால் சரி?